மருமகளுக்காக உயிர் கொடுத்த மாமியார்

(ஜூபிலி ஆண்டை முன்னிட்டு நடைபெற்ற தாய்மார் தியான நாளில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)





தியானத்தைத் தொடங்குமுன் என் குற்றம் ஒன்றை உங்கள் முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வழக்கமாக நீங்கள் என்னிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறீர்கள். இன்று ஒரு நாள் மாற்றி வைத்துக்கொள்வோம்.

ஜூபிலி மலருக்கான வேலை தொடங்கிய புதிதில், ஒரு மத்தியான வேளையில், நம் பங்கைச் சேர்ந்த அம்மா ஒருவர் சாமியார் பங்களாவுக்கு வந்தார்கள். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். திண்ணையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாமி, மலர் போடுறீங்களாமே, அதுல எங்க மாமியார் பேரு வருமா?" என்று கேட்டார்கள்.

"உங்க மாமியார் கோயிலுக்கு என்ன செய்தாங்கம்மா?" என்றேன்.

"கோயிலுக்கா? என்ன சாமி செய்வாங்க? ஆறு பிள்ளை பெத்தாங்க. காட்டுலயும் களத்துலயும் கிடந்து உழைச்சாங்க. நான் கட்டிக்கிட்டு வந்த வருஷம் மழையே இல்ல. அப்போ நான் முழுகாம இருந்தேன். கஞ்சிப் பானையில அடியில கிடக்குற பருக்கைய அரிச்சு என் வட்டில்ல போட்டுட்டு, தண்ணிய அவங்க குடிச்சுக்குவாங்க. சாகுற வரைக்கும் ஒரு நாள்கூட அதச் சொல்லிக்காட்டினதில்ல, சாமி."

என் கையில் அப்போது மலருக்கான பட்டியல் இருந்தது. பங்கில் பணியாற்றிய குருக்கள், கன்னியர், உபதேசியார்கள், கோயிலுக்கு நிலம் கொடுத்தவர், மணி வாங்கித் தந்தவர், பீடம் கட்டிக் கொடுத்தவர் என்று வரிசையாக எழுதியிருந்தோம். பருக்கையை அரித்துப் போட்டவருக்கு அதில் ஒரு தலைப்பும் இல்லை. "பார்க்கலாம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இதுதான் என் குற்றம்.

அன்று இரவு மனம் கேட்கவில்லை. அலமாரியிலிருந்து பழைய மரண ஏட்டை எடுத்துப் புரட்டினேன். அந்த மாமியாரைக் கண்டுபிடித்தேன். பெயர், வயது, இன்னாருடைய மனைவி, அவஸ்தைப்பூசுதல் பெற்றார், அடக்கம் செய்யப்பட்டார். ஒரு வாழ்க்கைக்கு ஒரே வரி. அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் வேறொரு நாட்டு உழவர் வீட்டுப் பெண்ணின் நினைவு வந்தது. ஒரு வரியோடு முடிந்துபோயிருக்க வேண்டியவர் அவரும். ஆனால் திருச்சபை அவரைப் பீடத்துக்கு உயர்த்தியிருக்கிறது. அவருடைய கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

அவர் பெயர் மரியன்னா பியர்நாட்ஸ்கா. போலந்து நாட்டின் வடகிழக்கு மூலையில், பியெப்ஷா என்னும் ஆற்றங்கரையில் உள்ள லிப்ஸ்க் என்ற சிற்றூரில் 1888-ஆம் ஆண்டு பிறந்தார். போலந்து என்று சொன்னேனே தவிர, அவர் பிறந்தபோது அப்படி ஒரு நாடு நிலப்படத்தில் இல்லை. அக்கம்பக்கத்து வல்லரசுகள் மூன்றும் 1795-க்குள் அதை முழுவதும் பங்கு போட்டுக்கொண்டன. மரியன்னா பிறந்தபோது லிப்ஸ்க் ஊர் ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. 1918-இல்தான் போலந்து மறுபடியும் தனி நாடாயிற்று.

மரியன்னாவின் முன்னோர் கிழக்குத் திருவழிபாட்டு முறையைப் பின்பற்றிய கத்தோலிக்கர். பாப்பரசரோடு ஒன்றித்திருந்த அந்த மக்களை 1875-இல் ரஷ்ய அரசு ஒரே ஆணையால் ரஷ்யச் சபையில் சேர்த்து எழுதிவிட்டது. 1905-இல் மதச் சுதந்திர ஆணை வந்த பிறகே அவர்கள் வெளிப்படையாகக் கத்தோலிக்கர் என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. அப்போது மரியன்னாவுக்குப் பதினேழு வயது. குடும்பத்தோடு சேர்ந்து அவரும் இலத்தீன் முறைத் திருச்சபையில் சேர்ந்தார். ஞாயிறு பூசைக்கு வருவதற்கு நமக்கு மழையும் வெயிலும் தடையாகத் தோன்றுகின்றன. அவருடைய பெற்றோர் முப்பது ஆண்டுகள் காத்திருந்து பெற்றுக்கொண்ட உரிமை அது.

இருபது வயதில் லுத்விக் என்ற உழவரை மணந்தார். ஆறு பிள்ளைகள் பிறந்தார்கள். நிலைத்தவர்கள் இரண்டே பேர். ஸ்தனிஸ்லாவ் என்ற மகனும் லெயோகாதியா என்ற மகளும். தாய்மார்களே, இந்தக் கணக்கை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நான்கு முறை அந்தத் தாய் தன் வயிற்றில் சுமந்ததை மண்ணில் வைத்துவிட்டு வீடு திரும்பியிருக்கிறார். திரும்பி வந்து மாட்டுக்குத் தீனி வைத்திருப்பார். மாட்டுக்குத் துக்கம் தெரியாது அல்லவா?

அந்தப் பக்கத்து வெள்ளாமை நம்முடையது போன்றதல்ல. குளிர்காலத்தில் வயல்கள் பனியில் புதைந்து கிடக்கும். கோதுமைக்கு உறவான ரை என்ற தானியமும் உருளைக்கிழங்கும்தான் உழவர்களின் சாப்பாடு. ரை மாவைப் பிசைந்து புளிக்க வைத்து, வீட்டு அடுப்பிலேயே கறுப்பு ரொட்டி சுடுவார்கள். ஆளி என்ற செடியின் நாரை எடுத்துப் பனிக்காலம் முழுவதும் பெண்கள் நூல் நூற்பார்கள். லிப்ஸ்க் ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பாஸ்குத் திருநாள் வரும்போது அவ்வூர்ப் பெண்கள் முட்டைகளின்மேல் உருக்கிய மெழுகால் புள்ளியும் கோடும் இழைத்து, சாயத்தில் தோய்த்து அழகு செய்வார்கள். நம் வீட்டு வாசலில் கோலம் எப்படியோ, அப்படி அவர்களுக்கு அந்த முட்டை.

கணவர் இறந்தபின் மரியன்னா மகனோடு இருந்தார். மகன் அன்னா என்ற பெண்ணை மணந்து அழைத்து வந்தார். பேத்தியும் பிறந்தாள். அந்த வீட்டில் எல்லாரும் சேர்ந்து செபம் சொல்வதும், ஞானப்பாட்டுகள் பாடுவதும் நாள்தோறும் நடந்தன. இதற்குமேல் அந்த வாழ்க்கையில் எடுத்து எழுத ஒன்றுமில்லை. அவர் பள்ளிக்கூடம் கட்டவில்லை; காட்சி காணவில்லை; புத்தகம் எழுதவில்லை. ஐம்பது வயது வரை மரியன்னா உங்களில் ஒருவர்.

பிறகு யுத்தம் வந்தது. 1939 செப்டம்பரில் போலந்தை மேற்கிலிருந்து ஜெர்மனியும் கிழக்கிலிருந்து ரஷ்யாவும் தாக்கின. லிப்ஸ்க் முதலில் ரஷ்யர் கையில் சிக்கியது. 1941 ஜூன் மாதம் ஜெர்மானியர் ரஷ்யாவின்மேல் பாய்ந்தபோது ஊர் அவர்கள் கைக்கு மாறியது. அவர்கள் ஆட்சியில் ஒரு கொடிய வழக்கம் இருந்தது. எங்காவது ஒரு ஜெர்மானியர் கொல்லப்பட்டால், கொன்றவன் அகப்படாவிட்டாலும் பக்கத்து ஊர்களில் பலரைப் பிடித்துக்கொண்டுபோய்ச் சுட்டுவிடுவார்கள். ஊருக்கே பயம் பிடிக்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

1943 ஜூலை முதல் நாள் அந்தப் பழி லிப்ஸ்க் ஊரின்மேல் இறங்கியது. படைவீரர் வீடு வீடாக வந்து ஆட்களைப் பிடித்தார்கள். மரியன்னாவின் வீட்டில் அவர்கள் கேட்டது மகனையும் மருமகளையும்தான். மாமியாரை அவர்கள் கேட்கவில்லை. அன்னாவுக்கு அப்போது பேறுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சின்னப் பெண்குழந்தை வேறு.

மரியன்னா என்ன செய்தார்? அந்த வீரனின் காலடியில் விழுந்தார். மருமகள் நிறைசூலி, அவளை விட்டுவிடுங்கள், அவளுக்குப் பதிலாக நான் வருகிறேன் என்று மன்றாடினார். பட்டியலுக்குத் தேவை தலைக்கணக்கு. எந்தத் தலை என்பதில் அவர்களுக்கு அக்கறையில்லை. சம்மதித்தார்கள். மரியன்னா மகனோடு புறப்பட்டுப் போனார். அன்னா வீட்டில் தங்கினார்.

பிடிபட்டவர்களை குரோட்னோ நகரச் சிறையில் அடைத்தார்கள். அங்கிருந்து மரியன்னா தம் வீட்டாரிடம் கேட்டது இரண்டே பொருள்கள்: ஒரு தலையணை, ஒரு செபமாலை. அந்தத் தலையணையை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். வேதசாட்சிகள் என்றால் வலி தெரியாதவர்கள் என்று எண்ணிக்கொள்கிறோம். அந்த அம்மாவுக்கு வயது ஐம்பத்தைந்தை ஒட்டி. ஏறக்குறைய என் வயது. சிறைத் தரையில் தலை வைத்தால் கழுத்து வலிக்கத்தானே செய்யும்? வலியை அவர் மறைக்கவில்லை. ஆனால் என்னை விட்டுவிடுங்கள் என்று கேட்கவும் இல்லை.

ஜூலை 13-ஆம் நாள், குரோட்னோவுக்கு அருகே நவ்மோவிச்சே என்ற இடத்தில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவரோடு மகன் ஸ்தனிஸ்லாவும் லிப்ஸ்க் ஊரார் ஏறத்தாழ ஐம்பது பேரும் உயிர் துறந்தார்கள். அந்த இடம் இன்று பெலாருஸ் நாட்டில் இருக்கிறது. லிப்ஸ்க் ஊரில் அன்னாவுக்குக் குழந்தை பிறந்தது.

நாட்கள் ஓடின. 1999 ஜூன் 13-ஆம் நாள், வார்சா நகரில், திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அந்த யுத்தத்தில் உயிர் கொடுத்த 108 போலந்து வேதசாட்சிகளுக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கினார். ஆயர்கள் மூவர், ஏராளமான குருக்கள், துறவியர், கன்னியர் அடங்கிய அந்த வரிசையில், லிப்ஸ்க் ஊர் உழவர் வீட்டுப் பாட்டியும் இருந்தார். ஜூன் 12-ஆம் நாள் அவர்களுடைய திருநாள்.

தாய்மார்களே, புனித மாக்சிமிலியன் கோல்பேயைப் பற்றி நீங்கள் பல பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். ஆஷ்விட்ஸ் சிறைமுகாமில் பிள்ளைகுட்டிக்காரர் ஒருவருக்குப் பதிலாகத் தாமே முன்வந்து, 1941 ஆகஸ்டு 14-ஆம் நாள் உயிர் விட்டவர். 1982-இல் புனிதர் பட்டம் பெற்றவர். அவர் குரு, துறவி, ஆண்டுக்கணக்காக வேதசாஸ்திரம் படித்தவர். நானும் குருமடத்தில் பல ஆண்டுகள் இருந்து தத்துவமும் வேதசாஸ்திரமும் படித்தவன்தான். ஆனால் மரியன்னாவுக்கு எந்தக் குருமடம்? கோல்பே சுவாமிகள் எட்டிய அதே உயரத்தை அவர் எங்கே நின்று எட்டினார்? அடுப்படியில் நின்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட ஏட்டில், புனிதம் குருக்களுக்கும் கன்னியருக்கும் மட்டும் உரியதல்ல, திருமுழுக்குப் பெற்ற எல்லாருக்கும் உரிய அழைப்பு என்று போதித்தது. அந்தப் போதனைக்கு இருபது ஆண்டுகள் முன்னதாகவே இந்த அம்மா வாழ்ந்து காட்டிவிட்டார்.

ஒரு கேள்வி என் மனத்தை நெடுநாள் உறுத்தியது. அதை மறைக்காமல் உங்களிடம் சொல்கிறேன். அன்று பட்டியலில் பெற்ற மகனும் இருந்தான். தாய் என்றால், "என் மகனை விட்டுவிடுங்கள், என்னைப் பிடியுங்கள்" என்றுதானே முதலில் கத்துவாள்? ஒருவருக்குப் பதில் ஒருவர்தான் போகலாம் என்ற நிலையில், மரியன்னா எழுப்பிய குரல் மருமகளுக்காக எழுந்தது. வேறு வீட்டில் பிறந்து, கலியாணம் ஆகி வந்த பெண்ணுக்காக.

அவர் மனத்தில் என்ன ஓடியது என்பது ஆண்டவருக்குத்தான் தெரியும். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஆறு பெற்று நான்கைப் பறிகொடுத்தவருக்கு, வயிற்றுப் பிள்ளையின் அருமையை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு உயிர் நிற்கிற இடத்தில் அவர் தம் ஓர் உயிரை வைத்தார். இன்னொன்றும் உண்டு. இப்படிப்பட்ட முடிவைப் படைவீரன் வாசலில் நிற்கும்போது உட்கார்ந்து யோசித்து எடுக்க முடியாது. அதற்கு நேரம் கிடையாது. அந்த ஒரு நிமிடத்தில் வாயில் வருவது, எத்தனையோ ஆண்டுகளாக நெஞ்சில் பழகிப்போன ஒன்றாகத்தான் இருக்க முடியும். மருமகளைத் தினம் கரித்துக்கொட்டிய ஒரு மாமியாரின் கால்கள் அன்று முன்னால் வந்திருக்குமா? ரொட்டியில் நல்ல துண்டை அன்னாவின் பக்கம் தள்ளிய நாட்கள் பல இருந்திருக்க வேண்டும். எழுதப்படாத அந்த நாட்கள்தான் ஜூலை முதல் நாளைத் தயாரித்தன என்று நான் நம்புகிறேன்.

வேதாகமத்தில் ரூத்து என்ற மருமகளின் கதையை வாசிக்கிறோம். ஆதரவற்ற மாமியார் நகோமியை விட்டுப் பிரிய மறுத்து, சொந்த நாட்டையே துறந்து கூடவே நடந்தவள் அவள். அந்த மருமகள் மாமியாருக்குக் கொடுத்த அன்பை, லிப்ஸ்க் ஊரில் ஒரு மாமியார் மருமகளுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார். போலந்து மக்கள் மரியன்னாவை மாமியார்களின் பாதுகாவலி என்றே அழைப்பதுண்டு.

இனி நம் வீட்டுக்கு வருவோம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று நம் நாட்டில் ஒரு பழமொழி இருக்கிறது. அப்படி ஒரு பழமொழி உண்டாவதற்கு எத்தனை வீட்டில் எத்தனை பெண்கள் கண்ணீர் விட்டிருக்க வேண்டும்! வீடு மந்திரிக்க உங்கள் இல்லங்களுக்கு வருகிறேன். சில வீடுகளில் ஒரே கூரையின்கீழ் இரண்டு அடுப்பு எரிகிறது. தீர்த்தம் தெளிக்கும்போது எந்த அடுப்பில் முதலில் தெளிப்பது என்று எனக்கே தயக்கமாக இருக்கிறது. கலியாண ஓலை வாசிக்கிறேன். வரதட்சணை 1961 முதல் சட்டப்படி குற்றம். ஆனாலும் ஓலைக்குப் பின்னால் நடக்கும் பேரம் என் காதில் விழாமல் இல்லை. கொண்டு வந்த நகைக்குத் தக்கபடி மருமகளுக்கு மரியாதை. உழைக்கத் தெம்பிருக்கும் வரைதான் மாமியாருக்குச் சோறு. இப்படி நடக்கிற வீட்டில் இரவு செபமாலை சொன்னால், அது மோட்சத்தை எட்டுமா? நீங்களே சொல்லுங்கள்.

மாமியார்களே, உங்கள் மருமகளுக்காக உயிரைக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. வாசலில் துப்பாக்கிக்காரன் யாரும் நிற்கவில்லை. பானையில் இருக்கும் நல்ல பருக்கை அவள் வட்டிலுக்குப் போகட்டும். அவள் சமையலில் உப்புக் கூடினால், அந்தச் செய்தி பக்கத்து வீட்டுக்குப் போகாமல் இருக்கட்டும். மருமக்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அன்று அந்த வீட்டுக்குள் நடந்ததற்கு அன்னாதான் சாட்சி. அந்த மருமகள் மறந்திருந்தால் மரியன்னாவை இன்று நமக்கு யார் அறிவித்திருப்பார்கள்? உங்களுக்காகச் சத்தமில்லாமல் யாரோ விட்டுக்கொடுத்ததை நீங்களும் மறக்காதீர்கள். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, என் குற்றத்துக்குப் பரிகாரம் செய்ய வேண்டும் அல்லவா? மலர்க் குழுவினரிடம் பேசிவிட்டேன். இந்த மலரின் கடைசிப் பக்கங்களை நம் பங்கின் பாட்டிமார்களுக்கு ஒதுக்கியிருக்கிறோம். நன்கொடை கேட்கமாட்டோம். இறந்துபோன உங்கள் தாய், மாமியார், பாட்டி இவர்களின் பெயரையும், அவர்கள் உங்களுக்குச் செய்த ஒரு நன்மையையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொல்லுங்கள், உபதேசியார் எழுதிக்கொள்வார். ஜூபிலிப் பூசையில் காணிக்கைப் பவனியின்போது அந்தத் தாள்களை அப்பத்தோடும் இரசத்தோடும் பீடத்துக்குக் கொண்டு வருவோம். பிறகு அவற்றைச் சேர்த்துக் கட்டி, மரண ஏட்டுக்குப் பக்கத்தில் வைப்பேன். எனக்குப் பின் வரும் சாமியார் அந்த ஒரு வரியை வாசிக்கும்போது, அதன் பின்னால் இருந்த வாழ்க்கையையும் வாசிக்கட்டும்.

முதல் தாள் ஏற்கெனவே என்னிடம் வந்துவிட்டது. போன வாரம் நானே அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய், முற்றத்தில் உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். எழுதி முடித்ததும், "இம்புட்டுத்தான் சாமி. வேற ஒண்ணும் பெருசா இல்ல" என்றார்கள்.

இம்புட்டுப் போதும், அம்மா. ஆண்டவருக்கு இது போதும்.

முத்திப்பேறு பெற்ற மரியன்னா நம் தாய்மார்களுக்காகவும் மருமக்களுக்காகவும் ஆண்டவரை மன்றாடுவாராக. ஆமென்.